கையை அழுத்தினால் ஒவ்வாமை தெரியுமா?

அமெரிக்காவில் இருக்கிற பெரியம்மா மகள் போன மாதம் போன் பண்ணினாள். தன் முதுகு வலிக்காகக் கைரோபிராக்டரிடம் போனவள், கூடவே நாலு வயசுப் பையனுக்கும் தீர்ப்பு வாங்கி வந்திருக்கிறாள்: பாலும் கோதுமையும் ஆகாது. ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. பையன் சின்னவன் என்பதால் அக்கா அவனை ஒரு கையால் தொட்டுக்கொண்டு நிற்க, அவளுடைய இன்னொரு கையை நீட்டச் சொல்லி அழுத்தியிருக்கிறார். பையனிடம் பால் பவுடர் குப்பியைக் கொடுத்ததும் அக்கா கை பொத்தென்று இறங்கிவிட்டது.

"நான் நெஜமாவே பலமாத்தான் தாங்கினேன்டா. அப்புறம் எப்படி விழுந்துச்சு?"

நல்ல கேள்வி. 'எல்லாம் பித்தலாட்டம்' என்பது இதற்குப் பதில் ஆகாது.

இந்த முறைக்குப் பேர் அப்ளைடு கினிசியாலஜி. 1964-இல் டெட்ராய்ட்டில் ஜார்ஜ் குட்ஹார்ட் என்ற கைரோபிராக்டர் ஆரம்பித்தது. அவர் எடுத்துக்கொண்ட கருவி உண்மையானதுதான். தசை பலத்தைக் கையால் அழுத்தி 0 முதல் 5 வரை மதிப்பிடுவது போலியோ காலத்து வழக்கம். பக்கவாதம் வந்தவருக்கு நரம்பியல் மருத்துவர் இன்றும் செய்கிறார். அங்கே பலவீனம் என்றால் தசையிலோ நரம்பிலோ மூளையிலோ கோளாறு, அவ்வளவுதான். குட்ஹார்ட் வழியில் ஒவ்வொரு தசைக்கும் ஓர் உள்ளுறுப்பு ஜோடி சேர்ந்தது. பிறகு நாக்கில் வைத்த உணவு, சிலரிடம் மூடிய குப்பிக்குள் இருப்பதுகூட, தசையோடு பேச ஆரம்பித்தது. 'தசைப் பரிசோதனை நம்பகமானதுன்னு ஆய்வு இருக்கே' என்று ஆதரவாளர்கள் காட்டுவது பல சமயம் முதல் வகையைப் பற்றியது. தராசு அரிசியைச் சரியாக நிறுக்கிறது என்பதற்காக அதில் ஜாதகம் பார்க்க முடியுமா?

சரி, கை ஏன் விழுந்தது? எந்த விடையை எதிர்பார்க்கிறாரோ அதற்கேற்ப அழுத்துபவரின் கை ஒரு கணம் முந்தும், மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் பதியும். தோளிலிருந்து தூரம் கூடினால் அதே அழுத்தத்துக்குக் கூடுதல் வலு, நெம்புகோல் கணக்கு. தாங்குபவரும் 'பால்' என்று தெரிந்ததும் துளி தளர்ந்திருப்பார். ரெண்டு பேருக்குமே அது தெரியாது. ஊசல் ஏன் தானாக ஆடுவதுபோல் இருக்கிறது என்று தன் கையிலேயே சோதித்து, பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833-லேயே இதை எழுதிவிட்டார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைக் கண்டவர்களுக்கு இது புதுசில்லை.

ஆகவே, எந்தக் குப்பி என்று இருவருக்கும் தெரியாமல் சோதிக்க வேண்டும். உளவியலாளர் ரே ஹைமன் அப்படி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். குளுக்கோஸை நாக்கில் வைத்தால் கை இறங்கும், ஃபிரக்டோஸுக்கு இறங்காது என்று கைரோபிராக்டர்கள் காட்டினார்கள். எது எதுவென்று மறைத்ததும் பிரிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் அப்போதும் தன் முறையைச் சந்தேகிக்கவில்லை. இரட்டை மறைப்புச் சோதனைதான் எப்போதும் வேலை செய்வதில்லையாம்! 1988-இல் வந்த ஓர் ஆய்வில் அனுபவமுள்ள 3 பேர் 11 பேருக்கு 4 சத்துகளைச் சோதித்தார்கள். அவர்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை, ஆய்வக முடிவோடும் ஒத்துப்போகவில்லை.

உணவு ஒவ்வாமைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்காவின் 2010 வழிகாட்டுதல் பேர் சொல்லியே விலக்குகிறது. எனக்குப் பெரிய பயம் தப்பாக நிறுத்திய பால் இல்லை. வேர்க்கடலை நிஜமாகவே ஆகாத குழந்தைக்கு இதே கை 'பரவாயில்லை' என்று சொன்னால்?

அக்கா அலர்ஜி மருத்துவரிடம் தேதி வாங்கியிருக்கிறாள். பையன் மூணு மாசமாகத் தயிர்சாதம் கேட்டு ஃபிரிட்ஜ் முன்னால் நிற்கிறானாம்.