மகள் வென்றாள், மகளுரிமை வென்றதா?

34 ஆண்டுகள்! தந்தை கண்மூடியது 1829இல். மகளின் கைக்கு நிலம் வந்தது 1863இல். சிவகங்கை ஜமீன் வழக்கைப் பற்றிப் பேசுவோர் பலர், 'பார்த்தீரா, அந்தக் காலத்திலேயே மகளுக்குச் சொத்துரிமை!' என்று மார் தட்டுகின்றனர். பரணி பாடுவதற்கு முன் தீர்ப்பைப் படிக்க வேண்டாமா?

மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டிலேதான் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக்கியது கும்பினி அரசு. மனைவியர் எழுவரை மணந்தவர் அவர். மகன் ஒருவனும் இல்லை. அவர் மறைந்ததும் அண்ணன் மகன் ஜமீனைக் கைக்கொண்டார். "பிரியாத குடும்பம் இது, ஆண் வழியில் வந்த எனக்கே சொத்து" என்றார். எதிர்த்து நின்றனர் வீட்டுப் பெண்கள். கைம்பெண் அங்கமுத்து நாச்சியார் நீதிமன்றப் படியேறினார், போராடிக்கொண்டே மறைந்தார். மகள் காத்தம நாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார். மதுரையில் தொடங்கி, சென்னையைக் கடந்து, கடல் தாண்டி இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது வழக்கு. 1863 நவம்பரில் வென்றார் நாச்சியார்.

எதனால் வென்றார்? பெண் என்றால் தாழ்வா என்று நீதிபதிகள் கேட்டார்களா? இல்லை. மகனுக்கும் மகளுக்கும் ஒரே இரத்தந்தானே என்றார்களா? அதுவும் இல்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இந்த ஜமீன் குடும்பச் சொத்தா, தேவர் தாமே அடைந்த தனிச் சொத்தா? கும்பினி அவருக்கென்றே அளித்தது. ஆகவே தனிச் சொத்து. ஆண் பிள்ளை இல்லாதவனின் தனிச் சொத்து கைம்பெண்ணுக்கு. அவளுக்குப் பின் மகளுக்கு. முடிந்தது வழக்கு!

இந்தத் தீர்ப்பைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். தேவருக்கு ஒரே ஒரு மகன் இருந்திருந்தால்? காத்தம நாச்சியாருக்கு எதுவும் இல்லை. அதுவே குடும்பச் சொத்தாக இருந்திருந்தால்? அப்போதும் இல்லை. ஆண் இல்லாத இடத்தில் வைக்கப்பட்ட ஆள் அவர்; அவ்வளவே. அதுவும் ஆயுள் உள்ளவரை! அவருக்குப் பின் சொத்து அவருடைய வாரிசுக்கு அல்ல, தந்தையின் அடுத்த வாரிசுக்கே செல்லும் என்பது அன்றைய சட்டம். 1877இல் அவர் மறைந்தார். மறுபடியும் மூண்டது வழக்கு.

சாத்திரம் சொன்னது, சட்டம் கேட்டது என்பர் சிலர். அவர்களைச் சாத்தான்குளத்துக்கு அழைக்கிறேன். செந்தேரி மணலும் பனை விளையும் நிறைந்த அவ்வட்டாரத்தில், 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு எழுந்தது. அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் போகும் குடும்பங்கள் அந்தச் சீமைக்குப் புதியவை அல்ல. 1865இல் வந்தது இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்த கிறித்தவனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு என்றது. தம்பி மகளுக்குச் சரிபங்கு. அண்ணன் மகளுக்குச் சுழி! ஒரே பாட்டனின் பேத்திகள். ஒரே பனையின் பதநீர் பருகி வளர்ந்தவர்கள்.

அப்படியானால் பங்கு தந்தது வேதமா? அதுவும் அன்று. மேற்கே திருவிதாங்கூருக்குப் போனால், அதே வேதம் படித்த மகளுக்கு 1916ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது, மகன் பங்கில் கால் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது! 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அந்த அநீதி நீடித்தது. வேதம் ஒன்று, எல்லைக்கு இருபுறமும் பங்கு வேறு. பங்கை வகுத்தது கடவுள் அல்ல, கையெழுத்திட்ட மனிதன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மனிதன் எழுதியதை மனிதன் மாற்றலாம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று முழங்கியது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குச் சரிபங்கு தந்தது. பிறப்பால் வரும் கூட்டுக் குடும்பப் பங்கைத் தரவில்லை. அதைத் தமிழ்நாடு 1989இல் தந்தது. அப்போதும், முன்னரே மணமாகிவிட்ட மகளிர் வெளியே நிறுத்தப்பட்டனர். நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. காத்தம நாச்சியாரின் வெற்றிக்கும் அதற்கும் இடையே 142 ஆண்டுகள்!

சட்டம் வந்தது, பங்கு வந்ததா? "நகை போட்டோமே, சீர் செய்தோமே, அண்ணன் தம்பி உறவு வேண்டாமா?" என்று கேட்டு, தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் காட்சி இன்றும் உண்டு. கோயிலுக்குப் போகும் வீட்டிலும் உண்டு. தேவாலயத்துக்குப் போகும் வீட்டிலும் உண்டு. அங்கே அவள் கையெழுத்திடும் தாளுக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்!

யாருக்கு விடுதலை? இளைஞனே, மேடையில் பெண்ணுரிமை பேசுமுன் உன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார். அந்தத் தாள் அங்கே இருந்தால், உன் பேச்சை உன் தங்கையின் பங்கிலிருந்து தொடங்கு.