அளந்து பார்க்கும் அழகு

கிழக்கிலங்கையின் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் பக்கத்திலேயே கிடக்கிறது. உப்புக்காற்று மோட்டார் சைக்கிளின் வயர் இணைப்புகளுக்குள் புகுந்து செம்பைப் பச்சையாகப் பூக்கவைக்கும். புதுப் பற்றரி போட்டும் இரண்டு நாளில் இறங்கினால், சந்தேகம் முதலில் அங்கேதான் விழ வேண்டும்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இப்படிப் பழைய பைக்கின் கோளாறைக் கண்டுபிடித்துக் காப்பாற்றும் கைகளுக்கு மதிப்புக் கூடிய காலம் அது.

பற்றரி இறங்கும் காரணத்தைத் தேட முற்றத்தில் ஒரு மல்டிமீற்றர் போதும். எஞ்சின் நிற்கையில் நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். ஸ்ராட் செய்து அக்சிலேற்றரை முறுக்கினால் 14ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் பற்றரிக்கு மின்னேற்றும் கொயிலின் வயர்களைக் கழற்றி அளக்க வேண்டும். மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டியென்றால், எந்த இரண்டுக்கு இடையிலும் ஏசி மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுகூட எஞ்சின் உடம்போடு தொடர்பில் இருக்கக்கூடாது. கொயிலும் இணைப்புகளும் சரியென்றால் மிஞ்சுவது மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர். பற்றரியில் மீற்றர் 15ஐத் தாண்டினாலும் பெரும்பாலும் குற்றவாளி அதுவே. பற்றரியைக் கொதிக்கவைத்துக் கெடுக்கும்.

ஊகத்தில் சாமான் வாங்கி மாற்றாமல், ஒவ்வொன்றாக அளந்து சந்தேகத்திலிருந்து விடுவிப்பதில்தான் எத்தனை நேர்த்தி! பல வேளை செலவே வராது. பச்சை பிடித்த முனையை உரசிச் சுத்தம் செய்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினால் மீற்றர் மறுபடி 14 காட்டும்.