அறிக்கையில் பிறக்கும் பூச்சியம்

கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் இலக்கியமாகவே படித்தல் வேண்டும். அவற்றிலும் நடையுண்டு; பாத்திரங்களுண்டு; சொல்லாது விடப்பட்ட கதையுமுண்டு.

2009இல் போர் ஓய்ந்தபின் வன்னிக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ஆலைகளுக்கு 'வானவில்', 'விடியல்' என்று பெயர். நம் கவிஞர்கள் பொறாமைப்படலாம்! அவ்வாலைகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தொழிற்பாதுகாப்பு அறிக்கையென்னும் எழுத்துவகையே ஈண்டு ஆய்வுப்பொருள்.

2018இல் வெளியான ஜீ.ஆர்.ஐ. 403 என்னும் உலக நியமம் இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது. காயங்களை உழைத்த மணிகளால் வகுத்து, இரண்டு இலட்சம் மணிக்கோ பத்து இலட்சம் மணிக்கோ இத்தனையெனக் காட்டச் சொல்கிறது. இரண்டு இலட்சமென்பது நூறுபேர் ஓராண்டு உழைக்கும் நேரம். கணக்கு நேர்மையானதே. ஆயின் கம்பெனிகள் பெருமையுடன் அச்சிட விரும்புவது 'வேலைநாள் இழந்த காயம்' என்னும் வேறோர் எண்ணை. ஊசி விரலில் ஏறிய பெண்ணை மறுநாள் துணி மடிக்கும் மேசையில் இருத்திவிட்டால் நாளிழப்பில்லை, பூச்சியம் பிறந்துவிடுகிறது. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ, தான் செய்துவந்த வேலையிலேயே முழுச்சம்பளம் பெற மூன்று நாளுக்குமேல் இயலாதாரின் விபத்தை அறிவிக்கக் கோருகிறது. வெள்ளையர் காலத்துச் சட்டத்தின் கண்ணிற்பட்ட 'அதே வேலை' இன்றைய வழுவழுப்புத் தாளின் கண்ணிற் படவில்லை.

வன்னியின் உடலோ இந்தக் கட்டங்களுள் அடங்குவதன்று. எறிகணைச் சிதறல்களை இன்றும் உடலிற் சுமப்போர் இங்குப் பலர். அத்தகைய ஒருத்தி நாள் முழுதும் இயந்திரத்தின்முன் உழைக்கையில் முதுகில் எழும் வலி வேலையால் வந்ததா, போரால் வந்ததா? 'வேலை சார்ந்த நோய்' எத்தனையென்று நியமம் கேட்கிறது. வாயிலுக்கு வெளியே பிறந்த வலியென்று ஆலை விடை பகரலாம். வரவுக் கொடுப்பனவு உள்ள இடங்களில் அவள் விடுமுறையும் கேளாள். வலி எந்த ஏட்டிலும் ஏறாது.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். கராச்சியின் அலி என்ரர்பிரைசஸ் ஆலை 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் பெற்றது. செப்டெம்பர் 11இல் அங்கு மூண்ட தீயில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாளரங்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன.

தொழிலாளரின் பங்கேற்பை விவரிக்குமாறு நியமத்தின் 403-4ஆம் பகுதி கேட்கிறது. நான் படித்த அறிக்கைகளில் அவ்விடத்தே குழுக்கூட்டங்களின் தொகையும் சிரித்த முகங்களின் படமுமே இருந்தன. ஊசி ஏறிய விரலுக்குரியவள் தன் வாய்மொழியில், தமிழில், ஒரு பந்தியாவது சொல்லியதை நான் இதுவரை காணவில்லை.