சந்தேகத்தோடு வாதாடாத சிகிச்சை

பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று ஒருவர் உறுதியாக நம்புகிறார். "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்று வீட்டில் சொல்லாத நாள் இல்லை. மாத்திரையும் மாதக்கணக்கில் சாப்பிட்டாகிவிட்டது. நம்பிக்கை மட்டும் இம்மியும் அசையவில்லை. இந்த நிலையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை என்பதுதான் மனநல மருத்துவத்தில் நெடுங்காலம் ஓங்கியிருந்த கருத்து. ஜெர்மனியின் கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் வெளியிட்ட நூலில், இத்தகைய பிரமைகளின் மூலத்தைப் பிறரால் புரிந்துகொள்ள இயலாது என்று வரையறுத்தார். அந்த வரையறையின் நிழல் பல தலைமுறை மருத்துவர்கள் மேல் படிந்தது. பிரமையைப் பற்றி நோயாளியிடம் பேச்சுக் கொடுத்தால் அது இன்னும் வலுக்கும் என்று அஞ்சியவர்கள் பலர்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவ உளவியலர் டேனியல் ஃப்ரீமன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறார். இந்தப் பாதையை வெட்டியவர் அவரல்லர். அமெரிக்காவின் ஆரன் பெக் 1952லேயே ஒரு நோயாளியின் பிரமையைப் பேச்சால் தணித்த கதையை எழுதியிருக்கிறார். 1990களில் பிரிட்டனின் உளவியலர்களும் மருத்துவர்கள் சிலரும் அதைச் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள். அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சைக்கோசிஸ் (பிரமை, காதில் குரல் கேட்பது போன்றவற்றால் நிஜத்தோடு தொடர்பு அறுபடும் நிலை) உள்ளவர்களுக்கு மருந்தோடு குறைந்தது 16 அமர்வுகள் இந்தச் சிகிச்சையும் தரப்பட வேண்டும் என்கிறது. ஆனால் அதே 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, இதன் பலன் சிறிதுதான் என்று கணக்குக் காட்டியது. யாருக்கு எந்தச் சிகிச்சை கிடைத்தது என்பதை மதிப்பீட்டாளர்கள் அறியாதபடி நடந்த சோதனைகளில் அந்தச் சிறு பலனும் மேலும் சுருங்கியது.

ஃப்ரீமனின் அணுகுமுறையை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மனச்சிதைவு நோய் என்ற பெரிய பெயரை அவர் ஒதுக்கி வைக்கிறார். குரல், பிரமை, சோர்வு, குழப்பம் என எல்லாவற்றையும் ஒரே சிகிச்சையால் சரிசெய்ய முயல்வதில்லை. 'என்னை யாரோ தாக்கப் போகிறார்கள்' என்ற ஒரே ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொள்கிறார். அது ஏன் தோன்றியது என்பதைவிட, எது அதை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது என்று கேட்கிறார். ஃபிலிப்பா காரெட்டி முதலியோரோடு சேர்ந்து 2002இல் அவர் முன்வைத்த விளக்கமும், அதன் பிறகு வந்த சோதனைகளும் சில காரணிகளை அடையாளம் காட்டின. ஓயாத கவலை, தூக்கமின்மை, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், காதில் கேட்கும் குரல்கள், ஆபத்தைத் தவிர்ப்பதாக எண்ணிச் செய்யும் தற்காப்புப் பழக்கங்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்களே, அதுதான் இங்கே நடக்கிறது. 150 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான சோதனையில், பிரமையோடு நேராக மோதாமல் கவலைப்படும் பழக்கத்தைக் குறைக்க மட்டும் 6 அமர்வுகள் தரப்பட்டன. கவலை குறைந்தது, கூடவே துன்புறுத்தல் பிரமையும் தணிந்தது. தூக்கத்தைப் பற்றி 3,755 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் இதுபோன்ற விளைவே தெரிந்தது. இணையவழிச் சிகிச்சையால் தூக்கம் சீரானபோது, சந்தேக எண்ணங்களும் ஓரளவு குறைந்தன. பலன் பெரிதல்ல என்பது உண்மைதான். ஆனால் 'இது இதற்குக் காரணம்' என்று வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், காரணம் என்று கருதியதை மாற்றிப் பார்த்து விளைவும் மாறுகிறதா என்று சோதிக்கும் இந்த நேர்மை உளச்சிகிச்சை உலகில் அரிது. என் கணிப்பில் ஃப்ரீமனின் முதன்மையான பங்களிப்பு இதுதான்.

தற்காப்புப் பழக்கங்களைப் பற்றிய 2016ஆம் ஆண்டுச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். துன்புறுத்தல் பிரமை உள்ள 30 பேர். தலையில் மெய்நிகர்க் கருவியை மாட்டினால் சுரங்க ரயில் பெட்டியும் லிஃப்டும் கண்முன் விரியும். முதலில் கொஞ்சம் பேர்தான் நிற்பார்கள்; போகப்போகக் கூட்டம் கூடும். ஒரு குழுவிடம், வழக்கமாகச் செய்வதையே செய்யச் சொன்னார்கள்: மூலையில் ஒதுங்கலாம், முகங்களைத் தவிர்க்கலாம். மற்றக் குழுவிடம் அவற்றை முழுவதுமாகக் கைவிடச் சொன்னார்கள். அந்த உருவங்களின் அருகே போக வேண்டும், நேருக்கு நேர் முகத்தைப் பார்க்க வேண்டும், எதிரெதிராக நிற்கவும் வேண்டும். இரு குழுவும் கூட்டத்துக்குள் இருந்த நேரம் ஒன்றுதான். ஆனால் தற்காப்பைக் கைவிட்ட குழுவில்தான் நம்பிக்கை வெகுவாகத் தளர்ந்தது. பின்னர் வெளியுலகுக்குப் போனபோதும் அவர்களின் தவிப்பு குறைவாகவே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய்த் திரும்புகிறவர் 'குனிந்து போனதால்தான் தப்பித்தேன்' என்று நினைக்கிறார். அதனால் ஆபத்து இல்லை என்பதை அவர் ஒருநாளும் அறிய முடியாமல் போகிறது. எத்தனை மணி நேரம் வாதாடினாலும் இதைப் புரியவைக்க முடியாது. அவரே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்துக் கோத்ததுதான் 2021இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் முடிவுகள் வெளியான 'ஃபீலிங் சேஃப்' திட்டம். வேறு சிகிச்சைகளுக்கு அசையாத பிரமை உள்ள 130 பேர், 6 மாதத்தில் சுமார் 20 அமர்வுகள். கவலையில் தொடங்குவதா, தூக்கத்தில் தொடங்குவதா என்பதை நோயாளியே முடிவு செய்வார். ஒப்பிட வைத்த குழுவுக்கு, அதே அளவு நேரம் நட்போடு பேசிக்கொண்டிருக்கும் அமர்வுகள் தரப்பட்டன. ஃபீலிங் சேஃப் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் பிரமை நீங்கியதாகக் குழு அறிவித்தது. மருந்துக்கும் அசையாத பிரமையில் இப்படியொரு முன்னேற்றத்தை இந்தத் துறை முன்பு பெரிதாகக் கண்டதில்லை.

இங்கேதான் நிதானம் வேண்டும். சிகிச்சையை வடிவமைத்தவர்களே அதைச் சோதித்தவர்களும். தேர்ந்த உளவியலர்கள், அதே குழுவின் நெருங்கிய மேற்பார்வையில் அமர்வுகளை நடத்தினார்கள். தொடர்பே இல்லாத இன்னொரு குழு, சாதாரண மருத்துவமனையின் வேலைப்பளுவுக்கு நடுவே இதைச் செய்து இதே விளைவைக் காட்டும்வரை, அந்தப் 'பாதிப்பேர்' என்பதை நான் நம்பிக்கையூட்டும் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். வெறும் நட்புப் பேச்சு பெற்ற குழுவும் ஓரளவு தேறியது என்பதையும் மறக்கக் கூடாது. வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒருவர் வந்து அமர்ந்து மரியாதையோடு பேசுவதே இந்த நோயாளிகளில் பலருக்கு எவ்வளவு அரிது என்பதை அது சொல்கிறது.

பலன் நீடிக்குமா என்பது இன்னொரு கேள்வி. பஸ், தேநீர்க் கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை, மதுக்கடை, தெரு, சிறு கடை ஆகிய ஆறு காட்சிகளில் நோயாளியைப் பழக்கும், ஃப்ரீமன் குழுவின் 'கேம்சேஞ்ச்' என்ற மெய்நிகர்ச் சிகிச்சை 346 பேரிடம் சோதிக்கப்பட்டு 2022இல் முடிவுகள் வெளியாயின. 6 வாரத்தில் பலன் தெரிந்தது. 26ஆம் வாரத்தில் மொத்தமாகப் பார்த்தால் அதைப் பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் இடையிலான வேறுபாடு மங்கிவிட்டது. வீட்டைவிட்டு வெளியேறவே முடியாத அளவுக்கு அச்சம் கொண்டவர்களிடம்தான் அது நிலைத்தது. ஆக, யாருக்குத் தருவது என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய சிகிச்சை இது.

சோதனை முறைகளின் குறையைப் பிற்காலத்துச் சோதனைகள் திருத்திவிடக் கூடும். எனக்கு அதைவிட ஆழமாகத் தோன்றும் குறை வேறு. இந்தச் சிகிச்சை முழுவதும் ஒரு முன்னனுமானத்தின் மேல் நிற்கிறது: வெளியே போய்ப் பார்த்தால் உலகம் போதுமான அளவு பாதுகாப்பாக இருக்கும். லண்டன், நாட்டிங்காம், பிரிஸ்டல் நகரங்களில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வு, பிரிட்டனில் வாழும் ஆப்பிரிக்க-கரீபிய மக்களிடம் சைக்கோசிஸ் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. சிறு வயதில் வன்கொடுமைக்கோ சக மாணவர்களின் துன்புறுத்தலுக்கோ ஆளானவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2012இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. இவர்களில் பலருக்கு ஆபத்து ஒரு காலத்தில் நிஜம். சிலருக்கு இன்றும் நிஜம். 'முன்பு ஆபத்து இருந்திருக்கலாம், இப்போது எப்படி என்று பார்ப்போம்' என்று ஃப்ரீமனின் முறை பேசுவது கண்ணியமான அணுகுமுறை. ஆனால் போலீசார் அடிக்கடி நிறுத்திச் சோதிக்கும் தெருவில் வசிக்கும் இளைஞனைத் தலைநிமிர்ந்து நடக்கச் சொல்லும்போது, அந்தத் தெருவை மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதற்கு 20 அமர்வுகளுக்குள் இடமில்லை.

இன்னொரு இடத்திலும் இந்த அனுமானம் தடுமாறும். மானுடவியலர் தான்யா லுர்மன், சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் ஆக்ரா, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் தலா 20 பேரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தது. சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கேட்டது சொந்தக்காரர்களின் குரலை. வீட்டு வேலையைச் செய், குளி, சாப்பிடு என்று அவை ஏவின. ஃப்ரீமனின் காட்சிகளில் இருப்பவர்களோ முன்பின் தெரியாத அந்நியர்கள். நோயாளி தனியாகப் போய் அவர்களைச் சோதிக்கிறார். அந்தக் குரல்களைப் போலவே, நம்மூரில் சந்தேகமும் பல நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று அம்மா சமைத்ததைத் தொடாமல், ஓட்டலில் பொட்டலம் வாங்கிச் சாப்பிடும் மகனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொட்டலம்தான் அவனுடைய தற்காப்புப் பழக்கம். அதைக் கைவிட்டுப் பார்க்கும் சோதனை அந்த அடுப்பங்கரையில்தான் நடந்தாக வேண்டும். அவன் யாரைச் சந்தேகிக்கிறானோ அவர்தான் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர், மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறவர், அவன் தட்டைத் தள்ளிவிடும் ஒவ்வொரு வேளையும் அழுகிறவர். அவரையும் சோதனைக்குள் கூட்டாளியாகச் சேர்க்காமல் முதல் அமர்வைக்கூட இங்கே தொடங்க முடியாது. அதற்கான முறையை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எடுத்துவர முடியாது. குடும்பங்களை அறிந்த இங்குள்ள உளவியலர்களும் களப்பணியாளர்களும்தான், ஃப்ரீமன் செய்ததுபோல் ஒவ்வொரு துண்டாக மாற்றிப் பார்த்து, உருவாக்க வேண்டியிருக்கும்.