அழித்த பிறகு என்ன மிஞ்சும்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேட்டில் ‘டிராப் டேட்டாபேஸ்’ கட்டளைக்கு ஒதுக்கிய பக்கம் மிகச் சிறியது. ஒரு முழுத் தரவுத்தளத்தையும் ஒரே வரியில் ஒழித்துவிடும் கட்டளை அது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் பதற்றமே இல்லை. பெயர் பட்டியலிலிருந்து நீங்கும், தரவு கிடக்கும் கோப்புறையும் போய்விடும், உரிமை உள்ளவர்தான் இயக்க முடியும், அழிக்க வேண்டியதற்குள் இருந்துகொண்டே இயக்க முடியாது, வேறு யாராவது இணைந்திருந்தாலும் கட்டளை தோற்கும். இவ்வளவையும் நிதானமாகச் சொன்ன பிறகே, செய்ததைத் திரும்பப் பெற முடியாது என்று ஒரு சின்ன வாக்கியம் வருகிறது. இணைந்திருப்பவர்களை வெளியேற்றிவிட்டு அழிக்கும் வசதி 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதுவும் வெளிப்படையாகக் கேட்டால்தான் வேலை செய்யும். அழிவைப் பற்றி எழுதுவது ஒரு கலை என்றால், அதன் உயிர் விளைவைத் துல்லியமாகச் சொல்வதில் இருக்கிறது. மிரட்டல் அதற்குத் தேவைப்படுவதில்லை.

இந்தக் கலைக்கு இப்போது புதிய வாசகர் வந்திருக்கிறார்: ஏஐ ஏஜென்ட். அதனிடம் ஒரு கருவியைக் கொடுக்கும்போது கூடவே போவது பெயர், சில வரி விவரணம், நிரப்ப வேண்டிய விவரங்கள், அவ்வளவுதான். ‘கொடுத்த பெயருள்ள தரவுத்தளத்தை நீக்கும்’ என்று எழுதிவிட்டு ஒருவர் எழுந்துபோகலாம். அதில் பொய் ஏதுமில்லை. தேர்ந்த கை வேறு மாதிரி எழுதும்: ‘தரவுத்தளத்தையும் அதிலுள்ள எல்லா டேபிள்களையும் நிரந்தரமாக நீக்கும். ஏற்கெனவே எடுத்த ஸ்நாப்ஷாட்களைத் தொடாது; கடைசி ஸ்நாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதியவை மீளாது. சில வரிகளை மட்டும் நீக்க இதைப் பயன்படுத்தாதே. பயனர் தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மட்டும் இயக்கு, பெயரை ஊகிக்காதே.’ முதல் வாக்கியம் எல்லையைச் சொல்கிறது. இரண்டாவது, மிஞ்சுவதையும் மீளாததையும் பிரித்துக் காட்டுகிறது. மூன்றாவது, தவறான வேலைக்கு இதை எடுக்கும் கையைத் தடுக்கிறது. கடைசி வாக்கியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: விடுபட்டதைத் தானே இட்டு நிரப்பும் பழக்கமுள்ள வாசகருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது அது.

இவற்றில் அதிகம் விட்டுப்போவது இரண்டாவது வாக்கியம், பிந்தைய நிலை. பூச்சிமருந்து டப்பாவின் சிவப்பு முக்கோணம் ஆபத்தைச் சொல்கிறது. உயிரைக் காப்பதென்னவோ விஷமுறிவு எது என்று சொல்லும் வரி. 2025 ஜூலையில், எதையும் மாற்றக் கூடாது என்ற உத்தரவு இருக்கும்போதே, நிரல் எழுதித் தரும் ரெப்லிட் ஏஜென்ட் ஒரு பயனரின் நடப்புத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அதோடு, மீட்க வழியில்லை என்றும் சொன்னது. மீட்க முடிந்தது. தடை அங்கே இருந்தது. அழித்த பின் என்ன நிலை என்பதில்தான் அந்த ஏஜென்ட் இரண்டாம் முறை தவறியது. அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ் இந்த இடத்தில் நல்ல முன்னோடி. நீக்கும் முன் கடைசி ஸ்நாப்ஷாட்டுக்குப் பெயர் கேட்கிறது. ஸ்நாப்ஷாட் வேண்டாம் என்றால், வேண்டாம் என்று நாமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தக்கவைக்கச் சொல்லாவிட்டால் தானியங்கி பேக்கப்கள் போய்விடும், நாமே எடுத்தவை நிற்கும் என்று அதன் கையேடு பிரித்துச் சொல்கிறது.

பாதுகாப்பை எழுத்தில் தேடுவதே பிழை, அனுமதியைப் பூட்டினால் போதும் என்பார்கள். பூட்டத்தான் வேண்டும். 2025 மார்ச்சில், ஏஜென்ட்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறை, ஒரு கருவி அழிக்கக்கூடியதா என்று சொல்லும் குறிப்பைச் சேர்த்தபோது, நம்பகமற்ற இடத்திலிருந்து வரும் அத்தகைய குறிப்புகளை நம்பாதே என்றும் சேர்த்தே எழுதியது. எழுதியவர் எதுவும் சொல்லாவிட்டால், தரவை மாற்றும் கருவியை அழிக்கக்கூடியது என்றே கொள்ளச் சொல்வது அதன் அழகு. ஆனால் பூட்டைத் திறந்து கொடுத்த பிறகும் ஏஜென்ட் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வுக்கு விவரணமே வெளிச்சம். நீளமான விவரணம் இடத்தை அடைக்கும் என்ற ஆட்சேபமும் நியாயமானதே. அதனால்தான் எச்சரிக்கைகளை அடுக்கக் கூடாது. எல்லா வரியும் கூச்சலிட்டால் எதுவும் காதில் விழாது. மேலே காட்டிய விவரணம் ஒரு பத்திகூட இல்லை.

இன்னும் கடினமான கேள்வி, எழுதியது உண்மையா என்பது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லாபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. வழக்கமான பேக்கப், மென்பொருள் பதிப்புப் பொருத்தமின்மையால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. ‘பேக்கப் உண்டு’ என்ற வரி அங்கே யாரையும் காப்பாற்றியிருக்காது. ஆகவே இந்த எழுத்துக்கு நடை மட்டும் போதாது. மீட்டுப் பார்த்தவர்தான் மீளும் என்று எழுதத் தகுதியானவர். கருவியை ஒருமுறைகூட இயக்காமல், விவரணத்தை மட்டும் படித்து, இயக்கினால் எது போகும் எது நிற்கும் என்று ஒருவரால் எழுதிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், அது தேர்ந்த எழுத்து.