ஆண்டவன் உத்தரவும் அடியவர் கடமையும்

பழனிமலை அடிவாரத்தில், மருதாநதித் தண்ணீரை நம்பியிருக்கும் அய்யம்பாளையம் போன்ற ஊர்களில் 'சாமி உத்தரவு' என்பது அன்றாடப் பேச்சு. கிணறு வெட்டவும் நிலம் வாங்கவும் சம்பந்தம் பேசவும் சாமியிடம் பூ கேட்கும் வழக்கம் திண்டுக்கல் சீமையிலிருந்து கொங்கு நாடு வரை உண்டு. காங்கயத்தை அடுத்த சிவன்மலையில் அது ஒரு முறையாகவே நிலைத்திருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொன்னால், சுவாமி முன் பூப்போட்டு உத்தரவு கேட்ட பிறகே அது கோயிலில் உள்ள 'ஆண்டவன் உத்தரவு' கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். கனவு கண்டவரின் சொல் மட்டும் போதாது. இறைவன் ஆணைக்கு அடங்குவதிலும் தமிழ் மரபு அளவுகோல் வைத்தது என்பதற்கு இது ஒரு சான்று.

அந்த அளவுகோலை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் வைணவ ஆசாரியர்கள். இறைவனை அடைய அடியவன் முயற்சி வேண்டுமா என்பதில், குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் குரங்கு நெறி வடகலைக்கும், தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் என்னும் பூனை நெறி தென்கலைக்கும் அடையாளமாயின. வேதாந்த தேசிகர் வலியுறுத்திய சரணாகதி அங்கங்களில், இறைவனுக்கு உகந்ததைச் செய்வதும் உகவாததை விடுவதும் முதலில் நிற்கின்றன. காப்பான் என்னும் உறுதி அவற்றுக்குப் பின்னரே வருகிறது. பிள்ளை லோகாசாரியரோ அடியவன் முயற்சியை உபாயமாகவே கொள்ளவில்லை. அப்படியானால் தென்கலை நெறி சோம்பலுக்கு இடம் தருகிறதே என்பார்கள். அவர் வாழ்க்கையே இதற்கு விடை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, முதுமையிலும் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றவர் அவர். அந்தப் பயணத்திலேயே ஜோதிஷ்குடியில் பரமபதித்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். அதே படையெடுப்பில் சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலின் சுவடியைத் தேசிகர் காத்ததையும் அவை சொல்கின்றன. பெருமாளைக் காக்க மனிதர் ஓடினால் நம்பிக்கை எங்கே போயிற்று என்று கேட்கலாம். தம் கதியை அவர்கள் அவனிடம் விட்டிருந்தார்கள். கைங்கரியத்தை மட்டும் அவன் தலையில் கட்டவில்லை. கொள்கையில் எதிரெதிர் நின்ற இருவரும் செயலில் ஒன்றுபட்ட இடம் இதுதான்.

சைவத்திலும் இதே கதைதான். 7ஆம் நூற்றாண்டு அப்பர் கையில் உழவாரப்படையோடு கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். ஆண்டவன் ஆணை என்று சொல்லி எளியவரை அடக்கிவைத்தார்களே என்பது இன்றைய கண்டனம்; அதில் உண்மை உண்டு, மறுக்கக் கூடாது. ஆனால் சிவனுக்கே ஆள் என்று நின்றதால்தான் அப்பரால் பல்லவ மன்னனின் கட்டளையை மறுக்க முடிந்தது. மனிதர் தம் அதிகாரத்துக்கு இறைவன் பெயரைச் சூட்டும்போது, முதலில் எதிர்க்க வேண்டியவர் பக்தரே.

பூ கேட்பதையும் இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும். இரண்டு வழியும் தர்மமாக இருந்து மனம் தடுமாறும்போது கேட்பது அடக்கம். விரும்பிய பூ வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்பது சாமிக்கே உத்தரவு போடுவது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பதோ பெரும்பிழை. அங்கே கடமை தெளிவாக இருக்கிறது. பிள்ளையை முதலில் கொண்டுபோங்கள், வேண்டுதலைப் போகிற வழியில் வைத்துக்கொள்ளுங்கள்.