கல்லைக் கண்டால் மட்டும் போதுமா?

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிள்ளை சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், பெரும்பாலும் 'கேஸ்டிக்' என்று சொல்லி மருந்து கொடுத்துவிடுகிறோம். பித்தப்பைக் கல் பெரியவர்களுக்கே வரும் என்று நம்புவதே காரணம். அந்த நம்பிக்கை தவறு. மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையிலானோரில் 29.8 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்கிறது 2019 தேசிய சுகாதார ஆய்வு. உடற்பருமன் கொழுப்புக் கல்லுக்கு வழிவிடும். சிவப்பணுக்கள் சீக்கிரமே சிதையும் தலசீமியா போன்ற நோய்களில் நிறமிக் கற்கள் உருவாகலாம்.

கல்லைக் கண்டுபிடிப்பதில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கே முதலிடம். கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. கொழுப்புக் கற்களில் பெரும்பாலானவற்றைக் காட்டாத எக்ஸ்ரேயைவிட நம்பகமானது. ஆனால் பித்தநாளத்தின் அடிப்பகுதியில் சிக்கிய கல் இந்த ஸ்கேனுக்குத் தப்பலாம். அங்கே பித்தநாளத்தைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் கல் போலவே படிவு தெரியலாம். ஊசியை நிறுத்தியபின் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். ஆகவே பிள்ளை எடுத்துக்கொண்ட மருந்துகளைப் பற்றிக் கேட்காமல், இரத்தத்தைச் சோதிக்காமல் கத்தியைத் தொடுவது முறையல்ல.

சிகிச்சைகளில் மிக மோசமானது ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் கல்லை 'வெளியேற்றும்' முறை. அப்படி வெளிவந்த பச்சை உருண்டைகளை நியூசிலாந்தில் சோதித்தபோது, எண்ணெய் குடலில் சோப்பாகித் திரண்டவை அவை என்று தெரிந்தது. 2005இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. கல் உள்ளேயேதான் இருக்கும், நாள்தான் வீணாகும். அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை சிறிய கொழுப்புக் கற்கள் சிலவற்றைக் கரைக்கலாம். நிறுத்தினால் கல் திரும்பலாம். நிறமிக் கல்லிடம் அது பலிக்காது.

லேப்ராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவை மூலம் பித்தப்பையையே அகற்றுவது வலி தரும் கல்லுக்கு உறுதியான தீர்வு. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல் என்பதால் செரிமானம் நின்றுபோகாது. பித்தநாளம் காயப்படும் ஆபத்து அரிது, நேர்ந்தால் கடுமையானது. அதனால் குழந்தை அறுவை சிகிச்சையில் தேர்ந்தவரிடமே செய்யவேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: வலியுள்ள கல்லுக்கு அறுவை சிகிச்சை, வலியும் இரத்த நோயும் இல்லையென்றால் ஸ்கேனில் கவனித்தபடி காத்திருப்பு, இரத்தச் சிதைவு நோய் இருந்தால், வலி வருமுன்னரே மருத்துவரோடு பேசி முடிவெடுப்பது. காரணம் தெரியாதவரை எந்தச் சிகிச்சையும் அரைகுறைதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: காய்ச்சல், மஞ்சள் கண், அடர்நிறச் சிறுநீர், நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று வயிற்றுவலியோடு சேர்ந்தாலும் அன்றே பந்திங் அல்லது கிள்ளான் மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கொண்டுபோங்கள்.